முயலுக்குத் தெரியக் கூடாது

இனி ஒரு சொட்டுச் சோயாகூடத் தன் தொண்டைக்குள் இறங்காது என்று சமையலறை வாசலில் நின்று சபதம் எடுத்தார் முயல் மாமா. வாய்விட்டுச் சொல்லவில்லை. உள்ளே மனைவி இருந்தாள்.

முயல் மாமா என்பது தெருப் பிள்ளைகள் வைத்த பெயர். ஆராய்ச்சிக் கூடத்தில் முயல்களுக்குத் தீனி போட்டு, அவற்றின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது அவர் வேலை. எல்லா முயலுக்கும் தீனியில் ஒரே அளவு கொலஸ்ட்ரால்தான். புரதம் மட்டும் வேறு. ஒரு வரிசைக் கூண்டுகளுக்குப் பால் புரதம், எதிர்வரிசைக்குச் சோயாப் புரதம். பால் புரதம் தின்ற முயலின் குடல், கொலஸ்ட்ராலை வாரி எடுத்து ரத்தத்தில் சேர்த்துவிடும். சோயா தின்ற முயலோ அதில் பெரும்பங்கைப் புழுக்கையோடு வெளியே தள்ளிவிடும். இதைக் கண்டுபிடிக்க மாமா பொறுக்கிய புழுக்கை கொஞ்சநஞ்சமல்ல.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதையெல்லாம் மனைவிக்கு விளக்குவார்.

"எது எந்தத் தீனின்னு முயலுக்குத் தெரியக் கூடாது. ரெண்டும் பார்க்க ஒண்ணு போலவே இருக்கும்."

"வாசனை காட்டிக் கொடுத்துடாதா?"

"அதுக்குத்தான் ரெண்டுலயும் ஒரே வாசனைப் பொடியைக் கலந்துடுவோம். காலையில கிண்ணத்துல மிச்சம் எவ்வளவுன்னு எடை போடுவோம். முயல் வாய் பேசாதும்மா. மிச்சம் பேசும்."

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். கேட்டதை மறக்க மாட்டாள். அங்கேதான் வினை.

ஒருநாள் மாமாவின் ரத்தத்தையே சோதித்துப் பார்த்தார்கள்.

"டாக்டர் என்னங்க சொன்னார்?"

"கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தியாம்."

"இதைத்தானே நான் கல்யாணமான மறுநாளே சொன்னேன்? ஊசி குத்தித்தான் தெரிஞ்சுக்கணுமா?"

அந்த வீட்டில் சாயங்காலம் ஆளுக்கு ஒரு கிண்ணம் சூப் உண்டு. மிளகும் பூண்டும் போட்டு, கெட்டியாக இருக்க ஒரு கரண்டி பால் பொடி கலந்த சூப். அதுதான் மாமாவின் அன்றாடச் சொர்க்கம். மறுநாளே பச்சை மூடி போட்ட டப்பா ஒன்று அலமாரியில் வந்து உட்கார்ந்தது. உள்ளே சோயாப் பொடி. அது அவருக்கு. மஞ்சள் மூடி டப்பாவில் இருந்த பால் பொடி இனி அவளுக்கு மட்டும்.

"ஏம்மா, எனக்கு எதுக்கு இந்தத் தண்டனை?"

"உங்க முயலுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

"முயல் வேற, மனுஷன் வேற."

"அப்ப இத்தனை வருஷமா அதுங்களை எதுக்குப் பாடாப் படுத்துனீங்க?"

நோயாளி விரும்பியதும் பால், வைத்தியன் சொன்னதும் பால் என்பார்கள். இவர் விரும்பியது மட்டும்தான் பால். தினமும் பாதிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு, "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று எழுந்துவிடுவார்.

அதன் பிறகுதான் அந்தச் சபதம்.

மனைவி தையல்கடைக்குப் போன நேரம். செய்தித்தாளை விரித்தார். இரண்டு டப்பாக்களையும் கொட்டினார். பச்சை மூடிக்குள் பாலை நிரப்பினார், மஞ்சள் மூடிக்குள் சோயாவை நிரப்பினார். நடுவில் ஒரு தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விஞ்ஞானத்தைக் காப்பாற்றினார். இரண்டு பொடியும் ஒரே நிறம். எந்த முயலுக்குத் தெரியப் போகிறது?

அன்று சாயங்காலம் கிண்ணத்தை வழித்துக் குடித்தார். கரண்டியையும் விட்டுவைக்கவில்லை.

"எப்படிங்க இருக்கு?"

"சோயாவும் பழகப் பழக நல்லாத்தாம்மா இருக்கு!"

அவள் காலிக் கிண்ணத்தை எடுத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கழுவப் போய்விட்டாள்.

பிறகென்ன, தினமும் சொர்க்கம்தான். பாலின் ருசியே தனி என்று மனசுக்குள் சப்புக்கொட்டுவார். எதிரே மனைவி தன் கிண்ணத்தை ரசித்துக் குடிப்பதைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருக்கும். 'எதைக் குடிக்கிறோம் என்றுகூடத் தெரியாமல் குடிக்கிறாளே, அப்பாவி!'

இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தச் சோதனை. முடிவைப் பார்த்த மனைவி துள்ளிக் குதித்தாள்.

"நல்லாக் குறைஞ்சிருக்குங்க!"

மாமா காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். குறைந்துவிட்டதா? பாலைக் குடித்தா? அப்படியானால் அத்தனை வருஷ ஆராய்ச்சி? அத்தனை புழுக்கை? ஒரே ஆளை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் அந்த ஒரே ஆள் அவரே என்னும்போது மனசு கேட்குமா? அதிலும் மறுநாள் காலை, ஆராய்ச்சிக் கூடத்து இயக்குநர் முன்னால் நின்று 'சோயாவே சிறந்தது' என்று அவர் பேச வேண்டும்.

அன்று சூப்பைத் தொடவில்லை.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. மானத்துக்குத்தான். நான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு இத்தனை நாள் சாதிச்சுட்டேன் போல. நாளைக்கு எல்லார் முன்னாலயும் தப்புன்னு ஒத்துக்கணும்."

"எதுக்கு?"

மாமா கண்ணை மூடிக்கொண்டு உண்மையைக் கக்கினார். தையல்கடை, டப்பா, தும்மல், எல்லாம்.

அவள் நிதானமாகத் தன் சூப்பில் ஒரு வாய் குடித்தாள்.

"தைரியமாப் போய்ப் பேசுங்க. உங்க முயலுக்கு நாலு காலும் பத்திரமா இருக்கு."

"எப்படிம்மா?"

"தினமும் பாதிக் கிண்ணம் மிச்சம் வைக்கிற மனுஷன் ஒருநாள் கரண்டியை நக்கினா, மிச்சம் பேசாதா? மறுநாளே ரெண்டு டப்பாவையும் பழையபடி மாத்திட்டேன்."

"அப்ப இத்தனை நாள் நான் குடிச்சது..."

"சோயா."

"பாலோட ருசி தெரிஞ்சுதே!"

"நான் குடிச்சேனே, எனக்கும் தெரிஞ்சுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"முயலுக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மறுநாள் மாமா நன்றாகப் பேசினார். இயக்குநர் கைகுலுக்கினார். தலை நிமிர்ந்து வீடு திரும்பி, மேஜையில் இருந்த சூப்பை மோந்து பார்த்தார். மிளகு வாசனை. பூண்டு வாசனை. வேறொன்றும் பிடிபடவில்லை.

"ஏம்மா, இன்னிக்கு இது எந்த டப்பா?"

"குடிச்சுட்டுக் கிண்ணத்தை வைங்க. காலையில பார்த்துச் சொல்றேன்."