அகராதியில் எடை குறைகிறது

பெருமதிப்பிற்குரிய ஆங்கிலம்–தமிழ் அகராதிப் பதிப்பாசிரியர் அவர்களின் சமூகத்திற்கு,

லாரி எடைமேடையில் இருபத்திரண்டு வருட அனுபவமும், பத்தாம் வகுப்பை வாசலில் நின்று எட்டிப் பார்த்த கல்வியும் உடைய அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் மூக்குக்கண்ணாடியும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன்; மணி இரண்டரை ஆகியும் போன் வரவில்லை, ஆகையால் அந்த வரியை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். தங்கள் அகராதியில் பெரிய பிழை இருக்கிறது. ‘வே’ என்ற சொல்லுக்கு வழி, பாதை, தடம், நெறி, முறை, போக்கு, தொலைவு, பழக்கம் என்று பத்தொன்பது பொருள் போட்டிருக்கிறீர்கள். விரல் விட்டு எண்ணினேன். எடை என்ற பொருளைக் காணோம்! ஐயா, அதுதானே முதல் பொருள்? எங்கள் மேடையின் நெற்றியில் ஆளுயர எழுத்தில் டபிள்யூ, ஏ, ஒய் என்று போட்டு, பக்கத்தில் பிரிட்ஜ் என்று எழுதியிருக்கிறது. பிரிட்ஜ் என்றால் பாலம், லாரி ஏறி நிற்கிற பாலம். அப்படியானால் வே என்றால் என்ன? எடை. அந்தப் போர்டைப் பார்த்து ஒரு லட்சம் லாரி உள்ளே வந்திருக்கும், ஒரு டிரைவர்கூட வழி கேட்டு வந்ததில்லை.

இதை ஏன் இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், என் அக்காவின் ஒரே மகள், அதாவது என் மருமகள், ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, புருஷனோடு வெளியூரில் இருக்கிறாள், போன மாதம் டாக்டர் எடை ஏறவே இல்லை, அறுபது கிலோவாவது தொட வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார், அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம்தான் மகள் இங்கே வருவதாகப் பேச்சு. இன்று காலை மறுபடி எடை பார்க்கிறார்கள், மாப்பிள்ளை என் போனுக்குத் தகவல் அனுப்புவார். அவர் போனில் தமிழ் எழுத்து வராது. “இங்கிலீஷ்லயே தட்டுங்க மாப்பிள்ளை, நமக்கு அது தண்ணி பட்ட பாடு”ன்னு நான்தான் சொல்லியிருந்தேன்.

சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது எங்கள் கேபினில் மட்டும். அதனால் எட்டு மணிக்கே அக்காவும் அத்தானும் வந்து, ரசீதுக் கட்டுகளை நகர்த்திவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்பதரைக்கு முதல் தகவல்: ‘ஆன் த வே.’

“எடை மேல நிக்கிறாங்கக்கா.”

“நிக்கிறாங்களா? ரெண்டு பேருமா?”

“மாப்பிள்ளையும் துணைக்கு ஏறியிருப்பாரு.”

பதினொன்றே காலுக்கு: ‘ஹாஃப் வே.’ பாதி எடை! “எம் பொண்ணு துரும்பாப் போயிட்டாளா”ன்னு அக்கா ஆரம்பித்தாள். பன்னிரண்டரைக்கு: ‘ரோடு பிளாக்ட். நோ வே.’ ஆஸ்பத்திரி ரோட்டில் ஏதோ அடைப்பு, அது கிடக்கட்டும்; எடையே இல்லையாம்! அக்கா போட்ட அலறலில் மேடையில் நின்ற இருபது டன் ஜல்லி லாரி எண்பது கிலோ குறைத்துக் காட்டியது, மிகையில்லை. பின்னாலேயே இன்னொன்று: ‘எனி அதர் வே?’ வேறு எடை உண்டா என்று டாக்டரை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறார். நான் நிதானம் தவறாமல் ‘சிக்ஸ்டி’ என்று தட்டினேன். ஒரே வார்த்தை. விஷயம் தெரிந்தவன் வளவளவென்று எழுதமாட்டான். ‘தேங்க்யூ மாமா’ என்று வந்தது. அவ்வளவுதான். அதற்கப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே.

அப்போதுதான் தங்கள் அகராதியைப் பிரித்தேன். அத்தான் தையல்காரர், நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “மச்சான், வழின்னு வெச்சுப் பாரேன். வழியில இருக்கோம். பாதி வழி. எல்லாம் அளவெடுத்த மாதிரி உக்காருதே” என்றார்.

“அத்தான், மிஷின்ல நீங்க ராஜா. இது இங்கிலீஷ்.”

“அப்ப பிள்ளைங்க கிளம்பி இங்க வருதுங்க. ரோடு அடைச்சிருக்கு. வேற வழி உண்டான்னு உங்கிட்ட கேட்டிருக்கு. நீ என்ன சொன்னே?”

“அறுபது.”

அத்தான் கழுத்திலிருந்த அளவு டேப்பை எடுத்து மடித்துப் பையில் வைத்தார்.

ஐயா, நான் பயந்த சுபாவம் இல்லை. பிரேக் பிடிக்காத லாரியை ஒற்றைக் கையைக் காட்டி நிறுத்தியவன். (டிரைவரும் கொஞ்சம் ஒத்துழைத்தார்.) ஆனால் இப்போது அந்த ‘எனி அதர் வே’யை நாலாவது தடவையாகத் திறந்து படிக்கிறேன். வயிற்றுப் பிள்ளையோடு நடுரோட்டில் நின்று வழி கேட்டவளுக்கு எடை சொல்லி அனுப்பியிருக்கிறேனா? அக்கா பெஞ்சை விட்டு எழுந்து வாசலில் போய் ரோட்டைப் பார்த்து நிற்கிறாள், அலறினால்கூடத் தேவலை. தங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தப் பத்தொன்பதும் தப்பு, எடைதான் சரி என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் என்றைக்கும் தப்பாக இருந்து பழக்கமில்லாதவன்.

தங்கள் இல்லத்தார்க்கும் அச்சுக் கோப்பவர்க்கும் என் வணக்கம். தங்கள் சொற்கள் பெருகட்டும்.

இப்படிக்கு,
எடைமேடைக்காரன்

பி.கு.: மேலே எழுதியதை எழுதாததாகக் கொள்ளவும். மூன்றரைக்கு ஒரு கார் நேராக எங்கள் மேடையில் ஏறி நின்றது. டாக்டர் எடை ஐம்பத்தெட்டு, பரவாயில்லை, இப்போதே அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தேறு என்றாராம், அப்படியே கிளம்பிவிட்டார்கள். ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது. “அறுபதாவது கிலோமீட்டர் கல்லுல திரும்பச் சொன்னீங்களே மாமா, குவாரி ரோடு நேரா இங்க கொண்டாந்து விட்டுருச்சு, என்ன மூளை!” என்றார் மாப்பிள்ளை. நான் மறுக்கவில்லை.

மருமகள் மட்டும் போர்டைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எடைக்கான வே-க்கு எழுத்தே வேறாம், ஜி, எச் எல்லாம் வருமாம். அன்றைக்குப் பெயின்டருக்கு எழுத்துக் கூட்டிச் சொன்னவன் அடியேன்தான், முதலாளிக்கு இன்னும் தெரியாது. ஆகவே அடுத்த பதிப்பில் இருபதாவதாக எடை என்று சேர்த்துவிட்டால் போர்டில் கை வைக்க வேண்டியதில்லை. அக்கா இப்போது என்னை ஒரு வழி பண்ணிக்கொண்டிருக்கிறாள். இந்த வழியும் தங்கள் பத்தொன்பதில் இல்லை.

இன்னொன்று. எங்கள் மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் எண்ணும். மருமகள் காரை விட்டு இறங்கி நகர்ந்ததும் மொத்த எடையில் ஐம்பது குறைந்தது, அப்புறம் அறுபது, மறுபடி ஐம்பது. அறுபதில் நிற்கும்போது பட்டனை அமுக்கி, ரசீது எடுத்து, முத்திரை குத்தி அக்கா கையில் கொடுத்துவிட்டேன். அவள் திட்டுவதை நிறுத்தி, அதை மூன்று தடவை படித்துவிட்டு, “பசிக்குதுடா” என்றாள்.