என்ர பேரைச் சொல்லுங்கோ

பெயர்சொல்லிகள் என்றோர் இனம் நம்மிடையே உலாவுகிறது. நீங்கள் கட்டாயம் கண்டிருப்பீர்கள். மருந்து வாங்கப் போனாலும் சரி, மீன் வாங்கப் போனாலும் சரி, பல் பிடுங்கப் போனாலும் சரி, வழியில் மறித்து, "அங்கை போய் என்ர பேரைச் சொல்லுங்கோ, கவனிப்பினம்" என்பார்கள். நீங்களும் நம்பிப் போய்ச் சொல்வீர்கள். "அது ஆர்?" என்று கேட்பார்கள். பல் அதே நோவோடுதான் பிடுங்கப்படும்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் இந்த இனத்துக்குத் தலைவர் ஞானசேகரம். இராணுவக் காவலரணில் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேரோடு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று, பையெல்லாம் தடவிப் பார்க்கப்பட்டு, அப்பால் வந்ததும், "பார்த்தனீங்களே, ஆமிப் பெடியன் தலையாட்டினதை? என்னைத் தெரியும்" என்று சொல்லக்கூடியவர். பெடியன் தலையாட்டியது நாற்பது பேருக்கும்தான். அதைச் சொல்லி மனிதரை நோகடிப்பானேன்?

சண்டை கொஞ்சம் மூச்சு வாங்கிய 2003ஆம் ஆண்டில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில் கண்ணாடிக் கதவு போட்ட ஃபாஸ்ட் ஃபூட் கடை ஒன்றைத் திறந்தார்கள். அதே மாதம் ஞானசேகரத்தின் மகள் பூரணிக்கு மூதூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சண்டையாலும் இடப்பெயர்வாலும் ஏற்கெனவே மூன்று கலியாணப் பேச்சுகள் குழம்பிப்போன பிள்ளை. இதுவும் குழம்பினால் ஞானசேகரம் உடைந்தே போவார். மாப்பிள்ளையின் தகப்பன் சோமசேகரம் ஒரு சனிக்கிழமை படகேறி வந்து, "நாலு மணிப் படகுக்கு முதல் முடிவைச் சொல்லிப்போட்டுத்தான் போவன்" என்றார். அவரை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டிருக்கலாம்தானே? வீட்டில் பெயர்சொல்லிக்கு என்ன பெருமை? அங்கே எல்லாருக்கும் அவரைத் தெரியும்.

ஆகவே, "நம்மட கடைதான், வாங்கோ" என்று அந்தப் புதுக்கடைக்கே கூட்டிக்கொண்டு போனார். அதற்கு முன் அந்த வாசலை அவர் மிதித்ததே இல்லை.

உள்ளே நீண்ட வரிசை. வரிசையில் நிற்பது பெயரில்லாதவர்கள் வேலையல்லவா? சம்பந்தியைக் கதிரையில் இருத்திவிட்டு, பக்கவாட்டில் போய், காசு வாங்கும் பெண் லைலாவிடம் குனிந்தார்.

"பிள்ளை, முதலாளி எங்கை?"

"கொழும்பில, ஐயா."

"ஞானசேகரம் வந்திருக்கிறார் எண்டு சொல்லும்."

"வரிசையில வந்து காசைக் கட்டி நம்பர் எடுங்கோ, ஐயா. நம்பரைக் கூப்பிடுவம்."

திரும்பி வந்து, "சொல்லிப்போட்டன், கொண்டுவருவினம்" என்றார். காத்திருந்தார்கள். இருபத்தைந்தைக் கூப்பிட்டார்கள், இருபத்தெட்டைக் கூப்பிட்டார்கள், ஞானசேகரத்தை மட்டும் கூப்பிடவில்லை. மணி மூன்றேகால். சோமசேகரம் மணிக்கூட்டைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து, அவர்களுடைய நீள மேசையின் மறுகோடியில் பொரித்த கோழியும் பர்கரும் நிறைந்த தட்டொன்றை யாரோ வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். ஞானசேகரம் கண்டது தட்டை மட்டும்தான்.

நம்மூர்த் தேத்தண்ணிக் கடை வழக்கம் உங்களுக்குத் தெரியும். போய் இருந்ததும் ரோல்ஸ், பற்றிஸ், வடையெல்லாம் குவித்த தட்டொன்றைக் கேளாமலே கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதற்கு மட்டும் காசு, மிச்சம் தட்டோடு திரும்பிப் போகும். ஐம்பத்தெட்டு வருடம் அப்படியே தின்று பழகிய மனிதருக்கு வேறென்ன தோன்றும்?

"நான் சொன்னனான்தானே" என்று தட்டை இழுத்து, பெரிய காலொன்றை எடுத்துச் சம்பந்தியிடம் நீட்டினார். "விரும்பினதை எடுங்கோ. மிச்சத்தைக் கொண்டு போவினம்."

சோமசேகரம் கடித்தார். ஞானசேகரமும் கடித்தார். ஈரக் கையோடு ஒருவர் வந்து நின்றார். துறைமுகத்தில் வேலை செய்கிற மஹ்ரூப், நல்ல உயரம்.

"ஐயா, இது என்ர சாப்பாடு."

"தம்பி, நான் ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாது. நான் முப்பத்தோராம் நம்பர்." துண்டை எடுத்துக் காட்டினார்.

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஞானசேகரத்துக்கு மானம் போய்விட்டது, பூரணியின் கலியாணமும் போய்விட்டது என்றே பட்டது. வாயில் இருந்த கோழியை விழுங்கவும் ஏலவில்லை, துப்பவும் ஏலவில்லை. மஹ்ரூபோ நல்ல மனிதர். சிரித்துவிட்டு, "பரவாயில்லை, தின்னுங்கோ. நான் வேற எடுக்கிறன்" என்றார்.

சோமசேகரம் எலும்பை மரியாதையாகக் கீழே வைத்து, விரலைத் துடைத்து, தொண்டையைச் செருமினார்.

"தம்பி, மூதூர்ப் பக்கம் வந்தால் சோமசேகரம் எண்டு என்ர பேரைச் சொல்லுங்கோ. நல்லாக் கவனிப்பினம்."

"நானும் மூதூர்தான், ஐயா" என்றார் மஹ்ரூப். "உங்களைக் கேள்விப்படேல்லையே."

சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து தேடிய ஆளைக் கண்டுபிடித்த பார்வை. இப்படியொரு பொருத்தத்தை எந்தச் சாத்திரி பார்த்துச் சொல்வார்?

"எங்களுக்குச் சம்மதம்" என்றார் சோமசேகரம். ஞானசேகரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கோழியும் அப்போதுதான் இறங்கியது.

துறையடியில் பிரியும்போது, "படகுக்காரனிட்ட என்ர பேரைச் சொல்லுங்கோ" என்றார் ஞானசேகரம். "ஓம், ஓம்" என்று தலையாட்டிய சோமசேகரம், நேரே போய் வரிசையின் கடைசியில் நின்று ரிக்கற் எடுத்தார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நாளைக்கு நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இந்தக் கதையைச் சொல்வீர்கள். யாராவது, "மெய்யோ?" என்று கேட்பார். அப்போது உங்கள் முதுகு தானாக நிமிரும். "மெய்தான். ஞானசேகரத்தாரை எனக்கு நல்லாத் தெரியும். அந்தப் பக்கம் போனால் என்ர பேரைச் சொல்லுங்கோ" என்பீர்கள்.