நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்

எங்கள் கல்லூரி வானிலைத் துறையில் மழை பெய்வதற்கென்று ஒரு முறை உண்டு. முதலில் சராசரி சார் சொல்ல வேண்டும். அடுத்து தலைமை எழுத்தர் சுற்றறிக்கை விட வேண்டும். மேகம் தன் வசதிப்படி பிறகு வந்து கலந்துகொள்ளலாம்.

சராசரி சார் எங்கள் புள்ளியியல் பேராசிரியர். எதைக் கேட்டாலும் இரண்டு முறை செருமிவிட்டு, "சராசரியாப் பார்த்தா..." என்று ஆரம்பிப்பார். அந்தச் செருமலை அவரைவிட நான் நன்றாகச் செய்வேன். அவர் பாடத்தில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஆகவே தேர்வன்று காலை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுச் செருமினேன். "சராசரியாப் பார்த்தா இன்னிக்குக் கனமழை. தேர்வைத் தள்ளி வைங்க."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. தலைமை எழுத்தருக்கு ஜன்னல் முதுகுப் பக்கம். பத்தே நிமிடத்தில், 'பெய்துவரும் கனமழையை முன்னிட்டு' தேர்வு ஒரு வாரம் ஒத்திவைக்கப்படுவதாகப் பலகையில் தாள் ஏறியது.

சார் வந்து அதைப் படித்தார். வானத்தைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். தன் பெயர் இருந்தது, முத்திரையும் இருந்தது. வீட்டுக்குப் போய்க் குடையோடு திரும்பி வந்தார்.

பெய்த மழைக்கு அளவு வேண்டுமே? அந்த மாதம் மழைமானி பார்க்கும் முறை என்னுடையது. மானிக்குள் ஒரு பல்லி மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. பதிவேட்டின் தலையில் 'இம்மாதச் சராசரி 42 மி.மீ.' என்று அச்சிட்டிருந்தது. எதற்கு வம்பு என்று அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம், தேர்வன்று, நிஜமாகவே கொட்டியது. தேர்வுக்கூடம் சல்லடையாக ஒழுகியது. தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லி, வகுப்பே சொட்டச் சொட்ட அலுவலகத்தில் போய் நின்றோம். தலைமை எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார்.

"இந்த மாசத்து மழை முழுக்கப் போன வாரமே வந்துடுச்சே. இனிமே பெய்ஞ்சா சராசரி கெட்டுடும்."

"கொஞ்சம் வெளியே பாருங்க சார்," என்றேன்.

"வெளியே பார்த்து எழுதற வேலையா தம்பி இது?"

சாரிடம் முறையிட்டோம். அவர் குடைக்கடியில் கணக்குப் போட்டுப் பார்த்து, எழுத்தர் சொல்வது கோட்பாட்டின்படி சரியே என்று தீர்ப்பளித்தார். பதிவேட்டில் சுழியம் எழுதி நானே கையெழுத்திட வேண்டியதாயிற்று. பக்கம் நனையாமலிருக்க என் சட்டையால் மறைத்துக்கொண்டு போட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், கிடைத்த ஒரு வாரத்தில் நான் படித்துத் தொலைத்திருந்தேன். எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்தது. என் தலைக்கு நேர் மேலேதான் பெரிய ஓட்டை. எழுதி முடித்தபோது விடைத்தாளில் நீல நிறத்தில் ஒரு குளம் இருந்தது.

பெயில்.

மழையில் மை கரைந்துவிட்டது என்று மனு கொடுத்தேன். தலைமை எழுத்தர் பதிவேட்டைத் திறந்து விரலை வைத்தார்.

"அன்னிக்கு மழையே இல்லையே தம்பி. இது யாரோட கையெழுத்து?"

இப்போது ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடி படிக்கிறேன். இந்த வருடம் அதில் எங்கள் மழைப் பதிவேட்டையும் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊரில் மாத மழை முழுவதும் ஒரே நாளில், அதுவும் சுள்ளென்ற வெயிலில் பெய்யும் என்று சார் செருமியபடி நடத்துகிறார். அவர் நேரில் கண்ட சாட்சி. எல்லோரும் குனிந்து எழுதிக்கொள்கிறார்கள்.

நானும்தான். தேர்வில் வரும் என்று சொல்லியிருக்கிறார்.