பிரேக் பலகை

அன்புள்ள மச்சானுக்கு, உன் அத்தான் முழு நினைவோடும் பாதித் தூக்கத்தோடும் எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்றே நம்புகிறேன். உன் அக்காவுக்கு வியாழக்கிழமை இருதய ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். நீ லீவு போட்டு அலைந்து வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்குத்தான் ஒரு சின்னத் தொந்தரவு. ரிட்டயர் ஆகிப் பதினோரு வருஷம் கழித்து மறுபடியும் பஸ் ஓட்டுகிறேன், கனவில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தால் போதும், இறக்கத்தில் வண்டி, பிரேக் பிடிக்கவில்லை, உள்ளே நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், நீயும்தான், வாயைப் பிளந்து தூங்குகிறாய். நான் ஓங்கி ஒரு மிதி மிதிக்க, அது பக்கத்தில் படுத்திருக்கும் உன் அக்காவின் காலில் விழுகிறது. "முப்பத்தோரு வருஷம் ரோட்டுல ஒரு ஆக்சிடென்ட் இல்ல. இப்பக் கட்டில்ல வந்து இடிக்கிறீங்களே!" என்கிறாள். தச்சரை வரவழைத்துக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு பலகை அடிக்கச் சொன்னேன். "எதுக்குங்க?" என்றார். "பிரேக்குக்கு" என்றேன். அவர் உன் அக்காவைப் பார்த்தார். "அடிச்சுக் குடுங்க, வண்டி நின்னா சரி" என்றாள்.

நின்றது மச்சான். முந்தாநாள் பலகையை மிதித்தேன், பஸ் நின்றது. அதுதான் வினை. நின்றதும் உன் அக்கா மட்டும் பையை எடுத்துக்கொண்டு, ஸ்டாப்பே இல்லாத இடத்தில் இறங்கிப் போகிறாள். ஹாரன் அடிக்கிறேன், காதில் வாங்கவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். விசில் கேட்டால் வண்டியை எடுக்க வேண்டும், யார் ஏறினார் யார் இறங்கினார் என்று டிரைவர் கேட்கக் கூடாது. என் சர்வீஸ் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன். அன்றைக்கு எடுக்கவில்லை. அவர் ஊதிக்கொண்டே இருக்கிறார், நான் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

விழித்தால் எதிரே உன் அக்கா. "என்ன, டிப்போ வந்தாச்சா?" என்றாள். "வந்தாச்சு" என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? அன்றே பலகையைக் கழற்றிவிட்டேன். உதை வாங்கினாலும் அவள் வண்டியிலேயே இருக்கட்டும்.

எல்லாம் வயசுக் கோளாறு, மனசில் வைத்துக்கொள்ளாதே. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். மறுபடியும் சொல்கிறேன், நீ வர வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: ஸ்டாம்பு தேடப் போனேன். உன் அக்காவும் எனக்குத் தெரியாமல் உனக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறாள். படித்துவிட்டேன். "எனக்காக இல்லடா, என்னை உள்ள கொண்டு போனதும் அவர் வெளிய பெஞ்சுல தனியா உக்காரக் கூடாது, நீ வந்துடு" என்று எழுதியிருக்கிறாள். அதையும் இதே கவரில் வைத்திருக்கிறேன். புதன்கிழமையே வந்துவிடு.