தலையில் உதை வாங்கிக் கண்டுபிடித்த புவியீர்ப்பு

மார்ச் 12, புதன்கிழமை. எழுந்தேன், பால் வாங்கினேன், சட்டைப் பையில் நீலப் பேனா ஒன்றும் கறுப்புப் பேனா ஒன்றும் செருகினேன். சித்தூர் பஸ் நிலையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, என் இயற்பியல் மாணவர்கள் மூவரோடு திருப்பதி பஸ் ஏறினேன். அந்த மூவரில் ஒருவன், எந்தக் கருவியையும் தொடாமல் புவியீர்ப்பை அளக்கத் தெரிந்தவன். பூமியில் அப்படி இன்னொருவன் கிடையாது.

அவனுடைய பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கல்லூரிக்கு அவன் ‘நைன் பாயின்ட் எய்ட்’. ஊர் கங்காதர நெல்லூர். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்கிறது பாடப் புத்தகம். ஆய்வகத்தில் ஊசலை ஆட்டிப் பார்க்கும் மற்றவர்களுக்கு 9.1, 10.6 என்று ஏதேதோ வரும். இவனுக்கு மட்டும் எப்போதும் 9.8. ஒருமுறை ஊசல் குண்டு என் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. அன்றைக்கும் 9.8.

“குண்டே இல்லாம எதை ஆட்டினே?” என்று கேட்டேன்.

“பூமியே ஒம்போது பாயின்ட் எட்டுன்னு சொல்லிக்கினு கீது சார். அத எதுத்துப் பேச நான் யாரு?”

விடுதியில் அறைத் தோழன் காய்ச்சலில் கட்டில் ஆடும்படி நடுங்கியபோது, தெர்மாமீட்டரை உறையிலிருந்து எடுக்காமலே, “தொண்ணூத்தெட்டு பாயின்ட் நாலு, நார்மல்” என்று வார்டனிடம் அறிவித்தவன் இவன்.

இறுதியாண்டில் குழு ஆய்வு வந்தது. கபடியில் பாடிப் போகிறவன், குனிந்து மறிப்பவனின் தலைக்கு மேலே தாவித் தப்பிக்கிறான் அல்லவா, அந்தத் தாவலின் இயற்பியல்தான் தலைப்பு. தாவுவதற்குப் பிச்சாட்டூர் சுரேஷ். கல்லூரி அணியில் ஆடுகிறவன். கணக்குப் போட நகரி கோமதி. குனிந்து நிற்க ஓர் ஆள் வேண்டும்.

“நீ எப்பிடியும் எதையும் அளக்கப் போறதில்ல. குனி” என்று கோமதி நைன் பாயின்ட் எய்ட்டை நிறுத்திவிட்டாள்.

சுரேஷ் நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் வீடியோ ஓடுகிறது என்று தெரிந்தால் கால் தாழ்ந்துவிடும். முதல் நாள் வலது கால் பட்டது, அடுத்த நாள் இடது கால் பட்டது, பிறகு இரண்டும் சேர்ந்து பட்டன. எந்த உதையில் என்று தெரியவில்லை, நைன் பாயின்ட் எய்ட்டின் தலைக்குள் ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டது.

“இத்தினி ஒத வாங்கிக்கினு பொய் எழுதினா, என் தலைக்கு இன்னா மரியாத?” என்று கோமதியிடமிருந்து போனைப் பிடுங்கினான்.

சுரேஷின் இடுப்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அது எவ்வளவு உயரம் எழுந்தது, எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது என்ற இரண்டும் தெரிந்தால் புவியீர்ப்பு கிடைத்துவிடும். ஸ்லோ மோஷன் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, வாழ்க்கையில் முதல் முறையாக அவன் எண்ணினான், அளந்தான், வகுத்தான். விடை வந்தது.

9.8.

ஆய்வைத் தேர்வாளரிடம் காட்டத் திருப்பதிக்குப் போன அந்த பஸ்ஸில் சண்டை நடந்ததற்கு இதுதான் காரணம்.

“எவன்டா நம்புவான்? ஒன் பேரே அதான்டா!” என்றாள் கோமதி. “இட்டுக்கட்டினதுன்னு மூணு பேரையும் பெயில் பண்ணிட்டா? ஜூன்ல நான் வேலைல சேரணும். ஒம்போது பாயின்ட் நாலுன்னு மாத்து.”

“மாத்திடு மச்சான்” என்றான் சுரேஷ். “பூமி ஒண்ணும் கோச்சிக்காது.”

“முடியாது. இது நான் ஒத வாங்கி சம்பாதிச்சது.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். “வந்ததை வந்தபடி எழுதுங்க” என்றேன்.

“நீங்களாச்சும் நம்பறீங்களே சார்” என்றான் அவன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருப்பதியில் தேர்வாளர் ஒரு தெலுங்கு அம்மையார். ஆய்வேட்டைப் புரட்டியவர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

“ஏம் பாபு, இதி மீரு கொலிச்சிந்தேனா?” நீங்களே அளந்ததுதானா என்று கேட்கிறார்.

“நா தல மீத ஒட்டு மேடம்!” என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அங்கே வீக்கம் இன்னும் வடியாததால் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

அப்படியானால் இங்கேயே தாவிக் காட்டுங்கள் என்று அம்மையார் வராந்தாவைக் காட்டினார். கோமதி சுவரில் சாக்பீஸால் அளவுக்கோடுகள் போட்டாள். நைன் பாயின்ட் எய்ட் குனிந்தான். நேர்முகத் தேர்வுக்கென்று தைத்த பேன்ட்டில் சுரேஷ் ஓடிவந்து தாவினான். குதிகால் வழக்கமான இடத்தில் பட்டது. நடு ஆகாயத்தில் பேன்ட், பின்பக்கத்திலிருந்து முழங்கால்வரை கிழிந்தது. மானத்தைக் காக்கக் காலை மடக்கிக்கொண்ட சுரேஷ், குந்திய நிலையிலேயே தரை இறங்கினான்.

வீடியோவை அளந்தார்கள். 9.4.

அம்மையாரின் முகம் மலர்ந்தது. “இதி நிஜம்!” என்றார். புத்தகத்தைப் பார்த்து எழுதாமல் இப்படி அளந்து எழுத வேண்டும் என்று புத்திமதி சொல்லி, மூவருக்கும் தேர்ச்சி போட்டார்.

“மேடம், இதான் தப்பு!” என்று நைன் பாயின்ட் எய்ட் தெலுங்கும் தமிழுமாகக் கத்தினான். “பேன்ட் கிழிஞ்சி கால மடக்கிக்கினான், அதனால எறங்க லேட்டாயிடிச்சி! மொத சொன்னதுதான்...” கோமதி அவன் வாயைப் பொத்தி வெளியே இழுத்துவந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் சுரேஷ், ஆய்வேட்டைப் பின்பக்கம் பிடித்தபடி அவனிடம் போண்டாவை நீட்டினான். “பாஸாயிட்டோம்டா, இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற? துன்னு.”

“மூணு வருசமா பொய் எழுதினேன், ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. ஒரு தபா நெசம் எழுதினேன்” என்றவன் குரலைத் தாழ்த்தி, “சார்கூட நம்பலடா” என்றான்.

சித்தூர் வரும்வரை போண்டா அவன் கையிலேயே இருந்தது.

மறுநாள் காலை கல்லூரிக்குப் போனதும் முதல் வேலையாக, ஆய்வகத்தைக்கூடத் திறக்காமல், அவனையும் சுரேஷையும் மைதானத்துக்கு அழைத்துப் போனேன்.

“போனை நீ பிடி. ஆட்டாம எடு” என்றேன் அவனிடம்.

“அப்ப குனியறது யாரு சார்?”

என் கண்ணாடியைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தேன்.