என் இடது கணுக்காலைச் சுற்றி நடக்கும் சதி

மவுண்ட் ரோஸ்கில், ஆக்லாந்து,
ஞாயிறு காலை.

அன்பு மைத்துனன் மாரிசாமிக்கு, அத்தான் செல்வராஜ் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்கா மகன் வெற்றி, மருமகள் லக்ஷ்மிப்ரியா மூவரும் நலம். என் இடது கணுக்கால் மட்டும் நலமில்லை. உன் வீட்டில் எல்லோருடைய கால்களும் நலமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இருபதாம் தேதி நான் விமானம் ஏற வேண்டியவன், நீ மதுரைக்குக் கார் எடுத்து வர வேண்டியவன். அது நடக்காமலிருக்க இந்த வீட்டில் ஏதோ ஏற்பாடு நடக்கிறது. போன மாதம் ஹில்ஸ்பரோவில் ஒரு தமிழர் வீட்டுப் புதுமனை புகுவிழா. வாசலில் நாற்பது ஜோடி செருப்பும் ஷூவும், அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், நான் யாருடைய பூட்ஸ் மேலேயோ இடது காலை வைத்தேன், பாதம் உள்பக்கமாக மடங்கியது, நான் வெளிப்பக்கமாக விழுந்தேன். எல்லாம் ஓரமாகக் கிடக்க, அந்த பூட்ஸ் மட்டும் ஏன் நடுவில் கிடந்தது? லக்ஷ்மிப்ரியாவைக் கேட்டேன். "அது உங்க மகனோட பூட்ஸ்தான் மாமா" என்றாள். குறித்துக்கொள்.

பிசியோதெரபிஸ்ட் தனுஷா, யாழ்ப்பாணத்துப் பெண். கணுக்காலில் இரண்டு பக்கத்து எலும்பையும் விரலால் அழுத்தினாள், நாலு எட்டு நடக்கச் சொன்னாள், "முறிவு இல்லை அங்கிள், எக்ஸ்ரே தேவையில்லை" என்றாள். நம் ஊரில் எக்ஸ்ரே எடுக்காமல் காலைத் தொடுவார்களா? எதையோ மறைக்கிறாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாதத்தை எடுத்தாள். "கீழ்க்காலிலை இருக்கிற ரெண்டு எலும்பும் இடுக்கி மாதிரி, அதுக்குள்ளைதான் இந்தச் சின்ன எலும்பு இருக்குது. எலும்பை எலும்போடை கட்டி வைக்கிற நார்தான் லிகமென்ட். உள்பக்கம் விசிறி மாதிரி, நல்ல பலம். வெளிப்பக்கம் மூண்டு, மெல்லிசு. உங்களுக்கு அதிலை முன்னுக்கு இருக்கிறது இழுபட்டிருக்கு." பலமானதை உள்ளே ஒளித்துவிட்டு மெல்லிசான மூன்றை வெளியே நிறுத்தியது யார் என்று கேட்டேன். "அது நாங்கள் செய்யேல்லை அங்கிள்" என்றாள். அவள்தான் செய்தாள் என்று நான் சொல்லவேயில்லையே.

அடுத்தது பயிற்சி. காலை அந்தரத்தில் நீட்டிப் பெருவிரலால் எழுத்தெல்லாம் எழுத வேண்டும், தினமும் மூன்று தடவை. முப்பத்தொரு வருஷம் தமிழாசிரியராக இருந்தவன் காலால் எழுதினால் சரஸ்வதிக்கு அடுக்குமா? கிழக்கே பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, உயிர், மெய், ஆய்தம், உயிர்மெய் என்று ஒன்று விடாமல் எழுதினேன், ங வரிசையிலேயே உயிர் போய்விட்டது, மூன்றாம் நாள் கால் பூசணிக்காய்போல் வீங்கிக்கொண்டது. "எத்தினை எழுத்து எழுதினனீங்கள்?" என்றாள் தனுஷா. இருநூற்று நாற்பத்தேழு என்றேன். பேனாவைக் கீழே வைத்தாள். "என்னட்டை வாற ஆக்கள் எல்லாரும் ஏபிசிடியோடை நிப்பாட்டுவினம் அங்கிள்." இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? அன்று சாயந்திரமே லக்ஷ்மிப்ரியா தேன் குழைத்த குரலில், "இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போலாமே மாமா" என்கிறாள். எல்லாம் கூட்டு. என்னைப் பிடித்து வைக்கப் பார்க்கிறார்கள்.

நொண்டிக்கொண்டாவது இருபதாம் தேதி வந்து சேருவேன். காரைத் தயாராக வை. வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும், உனக்கு நடை தளராத நீண்ட ஆயுளும்.

உன் அத்தான்,
செல்வராஜ்

பி.கு.: இதை எழுதி மூன்று நாளாகியும் தபாலில் சேர்க்கவில்லை. கால் குணமாகி ஒரு வாரத்துக்கு மேலாகிறது. யாரிடமும் சொல்லவில்லை. தினமும் வேலைக்குப் போகுமுன் வெற்றி தரையில் உட்கார்ந்து, என் பாதத்தை மடியில் வைத்துக் கட்டுப் போடுகிறான். போட்டுக்கொண்டே ஆபீஸ், மேனேஜர், வீட்டுக்கடன், மழை என்று எதையாவது பேசுகிறான். உன் அக்கா இருந்தவரை எல்லாம் அவளிடம்தான் சொல்வான். என்னிடம் "சாப்பிட்டீங்களாப்பா" என்பதற்கு மேல் வந்ததில்லை. எனக்கு இது வேண்டியிருக்கிறது, மாரிசாமி. டிக்கெட்டை அடுத்த மாதத்துக்கு மாற்றச் சொன்னதும் நான்தான். கார் எடுக்காதே. நேற்று ஞாபகப் பிசகாக வலது காலில் நொண்டிவிட்டேன். வெற்றி பார்த்துவிட்டான். இன்று காலை வலது காலை எடுத்து மடியில் வைத்துக் கட்டுப் போட்டான்.