உட்காருங்க, பேசலாம்

சினிமா வார இதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. காரணம் நீங்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் வந்த அந்த அடிதடிப் படத்தைப் பற்றி (பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், சொல்லமாட்டேன்) சென்ற இதழில், "வசூலில் பெரிது, ஆனால் மக்கள் வாழ்க்கையில் எந்தத் தடமும் பதிக்காமல் மறைந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். தடம் பதிக்கவில்லையா? ஐயா, என் முதுகிலேயே பதித்திருக்கிறது.

மிக்ஸி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் ஒரு நிறுவனத்தின் புகார் மேசையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். வருகிறவர் கொதித்துக்கொண்டு வருவார், கையில் கருகிப்போன மோட்டார் இருக்கும். நான் எதிர் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க, பேசலாம்" என்பேன். அவ்வளவுதான், பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். காலையிலிருந்து ஒவ்வொரு ஜன்னலாக நிற்கவைத்து அனுப்பப்பட்ட மனிதரை உட்காரச் சொல்ல அந்தக் கட்டடத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கமாட்டேன்.

அந்தப் படம் வந்தது, எல்லாம் போச்சு. அதில் வில்லன் ஒவ்வொருவரையும் கொல்வதற்கு முன் சிரித்துக்கொண்டே இதையே சொல்வானாம். நான் பார்க்கவில்லை, ரத்தம் எனக்கு ஆகாது. அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் பின்வாங்குகிறார்கள். போன மாதம் ஒரு லாரி டிரைவர், கதவு உயரத்துக்கு ஆள், நின்றபடியே சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்து, பாதியிலேயே மிக்ஸி ஜாரை மேசையில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர் இப்போதெல்லாம் "சாஞ்சுக்கங்க" என்று மட்டுமே சொல்கிறாராம். வீட்டிலும் அதே கூத்து. மைத்துனன் வந்தான், பெட்டியை வாங்கி வைத்துவிட்டு வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன், வாசலைத் தாண்டாமல் நின்று, தான் என்ன தப்பு செய்தோம் என்று கேட்கிறான்.

கடைசியில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். இனி "அமரவும்" என்று மட்டும் சொல்வதாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் பழைய ஃபைல் அறை. குற்றம் படத்தின் மேல், என் மேல் இல்லை என்று வாதாடினேன். மனிதர் இழுப்பறையிலிருந்து உங்கள் பத்திரிகையை எடுத்தார். அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

"படத்தை எல்லாரும் மறந்தாச்சுன்னு போட்டிருக்கே. அப்ப ஜனங்க ஓடுறது உங்க மூஞ்சியப் பாத்துதான்."

ஆசிரியரே, நீங்கள் விருதை எண்ணினீர்கள், ரசிகர் மன்றத்தை எண்ணினீர்கள். தடம் என்றால் என்னவென்று நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கதை யாருக்கும் நினைவில்லை, கதாநாயகி யார் என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிறார்கள், ஆனால் படமே பார்க்காதவன்கூட ஒரு நாற்காலியைக் கண்டு நடுங்குகிறான். அதுதானய்யா தடம். எனக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு பேச்சு, உண்மை உண்மைதானே. நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. "அமரவும்" என்பது பலகையில் எழுதுகிற வார்த்தை, மோட்டார் கருகி வந்தவரிடம் சொல்கிற வார்த்தை இல்லை. எவனோ ஒரு சினிமாக்காரன் எடுத்துக்கொண்டான் என்பதற்காக என் வாயில் இருந்ததை நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஃபைல் அறைக்கே தள்ளினாலும் அங்கிருக்கும் கரப்பான் பூச்சியிடம் அதையே சொல்வேன். ஆகவே சனிக்கிழமை இதழில், அந்தப் படம் ஆழமான தடம் பதித்தது என்று மறுப்பு வெளியிட்டே ஆக வேண்டும்.

தங்கள் பத்திரிகை பல்லாண்டு ஓடவும், தங்கள் வீட்டு மிக்ஸி ஒருநாளும் கருகாமலிருக்கவும் வாழ்த்தி,

இப்படிக்கு,
இன்னும் இடத்தை விட்டு எழுந்திருக்காத
புகார் மேசைக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் என் மனைவி, பார்க்காத படத்துக்காகச் சண்டை போடுகிறேனே என்று அதை டிவியில் போட்டுவிட்டாள். இரண்டே முக்கால் மணி நேரம் கண்ணை மூடாமல் பார்த்தேன். வில்லன் ஒருவரையும் உட்காரச் சொல்லவில்லை. அத்தனை பேரையும் நிற்கவைத்துத்தான் கொல்கிறான். "அப்ப அது உங்க வசனந்தான் போலிருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். ஊரே ஒன்பது வருடமாக என் வார்த்தையை அவன் வாயில் வைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறது. நல்லவேளை, மேனேஜரும் இதுவரை படம் பார்க்கவில்லை. மறுப்பைக் கட்டாயம் போடுங்கள், ஆனால் தயவுசெய்து அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்துத் தொலைக்காதீர்கள்.